அஞ்சேல் என்னும் நல்வார்த்தை



விடியற்காலையிலே பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நிற்கும் சிறுபிள்ளையை நம்மூர் அம்மம்மாமார் எவ்வாறு வழியனுப்புவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சுவாமியறையிலிருந்து விபூதியைக் கொண்டுவந்து, பிள்ளையைக் கிழக்குமுகமாக நிறுத்தி, கண்ணிலே துகள் விழாதபடி ஒரு கையாற் புருவத்தை மறைத்து, மற்றக் கையால் நெற்றியிலே பூசி, "என்ரை குஞ்சு, பயப்பிடாதை, பிள்ளையார் கூட வாறார்" என்று சொல்லி விடுவர். அவ்வார்த்தை முடியுமளவும் அசையாது நின்ற பிள்ளை, முடிந்தவுடன் படலையைக் கடந்து ஓடும். அந்த வார்த்தை அதன் நெற்றியில் இட்ட நீற்றிலும் நெடுநேரம் அழியாது நிற்கும்.

இக்காலத்திலே மேனாட்டார், நல்ல வாக்கியங்களை நாடோறும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளுதல் என்னும் ஒரு பயிற்சியைப் பிள்ளைகளுக்கும் பெரியோர்க்கும் உபதேசிக்கின்றனர். நம்மவருட் சிலர் அதனைப் புதுமை என்று வியக்கின்றனர். சிலர் வீண்பேச்சு என்று இகழ்கின்றனர். அஃது எத்தன்மையது, சைவமக்கள் அதனை எவ்வாறு கொள்ளல் வேண்டும் என்பதை இங்கே சிறிது ஆராய்வாம்.

ஆன்மாவின் இயல்பைக் கூறுமிடத்து, அது சார்ந்ததன் வண்ணமாம் என்பர் நம் சித்தாந்த ஆசிரியர். பளிங்கு தனக்கென ஒரு நிறமின்றித் தன்னருகே வைக்கப்பட்ட பொருளின் நிறத்தைக் காட்டுதல்போல, உயிரும் தான் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையை அடைகின்றது. பெரியோருடைய பளிங்கு பல நாட் புழுதி படிந்தது. பிள்ளையின் பளிங்கோ புதிதாகத் துடைத்தது. அதன் அருகே நாம் வைக்கும் சொல் எதுவோ அதுவே அதன் நிறம். ஆயின் நம் வீடுகளிலே நாள் முழுதும் அதன் அருகே வைக்கப்படுவன யாவை? "மூதேவி", "சனியன்", "பேயன்", "நீ உருப்படமாட்டாய்" என்பன அல்லவா? வெளியாரைக் கண்டால் வாய்நிறைய இன்சொற் பேசுகின்ற நாம், பெற்ற பிள்ளைக்கு அதனைக் கொடுக்க உலோபம் பண்ணுகின்றோம். வைதால் வாழும் என்று நம்மை நாமே ஆற்றிக்கொள்கின்றோம்.

பிறரைக் குறை கூறுதற்கு இதனை எழுதினேமல்லேம். குற்றம் எம்முடையதாகவே ஒன்று உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறையாம்.

நாம் இளமையிற் கற்றது கிறித்தவ மிசன் பள்ளிக்கூடம் ஒன்றிலே. அங்கே எமக்குக் கணிதம் கற்பித்தவர் முதியவராகிய ஒரு கிறித்தவ ஆசிரியர். எமக்கோ பின்னக் கணக்கு ஒருசிறிதும் ஏறவில்லை. கொப்பியை நடுங்கிக்கொண்டு நீட்டினேம். அவர் பிழைகளைச் சிவப்பு மையாற் கீறாது, பென்சிலால் ஓரத்திலே மெல்லக் குறித்து, எம் தோளிலே கைவைத்து, "இன்னும் வரேல்லை; வரும்" என்றார். மறுவாரமும் அவ்வாறே சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். ஒருநாள் வந்தது. வந்தபொழுது அவர் வியக்கவுமில்லை; புகழவுமில்லை. வரும் என்று அறிந்திருந்தவர்போலப் புன்முறுவல் செய்து அடுத்த கணக்கைத் தந்தார். நாம் ஆசிரியராயது அவருடைய அந்த ஒரு வார்த்தையினாலே என்று சொல்லின் மிகையாகாது.

அவ்வார்த்தையைப் பெற்ற நாம் அதனைப் பிறர்க்குக் கொடுத்தேமா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கிய காலம். எம் வகுப்பிலே ஒரு சிறுவன் கணக்கிலே பின்தங்கினான். பெற்றோரும் அதிபரும் வெட்டுப்புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்நாளிலே, எமக்குப் பொறுமை இல்லாது போயிற்று. முப்பது பிள்ளைகள் கேட்க, "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டேம். அடித்தேமல்லேம், ஒரு சொற்றான் சொன்னேம். அன்றுதொட்டு அவன் கணக்கு வேளையிலே எம் முகத்தை ஏறிட்டுப் பார்த்திலன். பார்க்காததையும் நாம் அப்பொழுது கவனித்திலேம்.

பல வருடங்களின் பின் எம்மூர்ப் பிள்ளையார் கோயிலுக்கு மதில் கட்டத் தொடங்கியபோது, மேசன் வேலைக்கு வந்தவர் அவரே. அறுபதடி நீளமும் ஆறடி உயரமும் உள்ள மதிலுக்குச் சீமெந்துக் கல் எத்தனை வேண்டும் என்று நாம் கடதாசியிலே பெருக்கிப் பிரித்துக்கொண்டிருக்க, அவர் மதில் வரும் இடத்தை ஒருமுறை பார்த்து, 405 கல் போதும், உடைவுக்கு 20 சேர்க்கலாம் என்றார். எமது கடதாசியும் ஈற்றில் அதனையே சொல்லிற்று. "தம்பி, உமக்குக் கணக்கு நல்லாய் வருகுதே" என்றேம். அவர் சிரித்து, சிறிதும் வன்மமின்றி, "இல்லைச் சேர், எனக்குக் கணக்கு வராது. நீங்கள்தானே சொன்னனீங்கள். என்ரை மகளுக்கும் வராது. எங்கடை பரம்பரைக்கு அது இல்லை" என்றார்.

அன்பர்களே, நாம் அவ்விடத்திலேயே நாணி நின்றேம். ஒரு நொடியிற் சொல்லி மறந்த சொல் இருபது வருடத்துக்கு மேலாக ஒருவர் நெஞ்சிலே இருந்து, அவர் கை நாடோறும் பொய்யென்று காட்டியும் அழியாது, தாம் பெற்ற குழந்தையின் நெற்றியிலும் எழுதப்பட்டுவிட்டது. எமக்கு ஆசிரியர் தந்தது "வரும்" என்னும் சொல். நாம் மாணவனுக்குக் கொடுத்தது "வராது" என்னும் சொல். இரண்டுக்கும் இடையிலுள்ளது ஈரெழுத்தளவு வேறுபாடே. ஆயின் அதன் மேலே ஒரு குடும்பத்தின் விதி ஏறி இருந்தது.

இனி, மேனாட்டார் இவ்விடயத்திலே கண்டவற்றை நோக்குவாம். பிரான்சு தேசத்திலே நான்சி நகரில் வாழ்ந்த எமில் குவே என்பவர் (1857–1926) மருந்துக்கடை வைத்திருந்தவர். மருந்தினோடு ஒரு நல்ல வார்த்தையையும் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளர்க்குக் குணம் மிகுதலைக் கண்டு, தாம் நாளுக்கு நாள் எல்லாவகையாலும் நலமடைந்து வருவதாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் காலையும் மாலையும் இருபதுமுறை மெல்லச் சொல்லும்படி கற்பித்தார். எண்ணுதற்கு இருபது முடிச்சிட்ட ஒரு கயிறும் வைத்துக்கொள்ளச் சொன்னார். உருத்திராக்கமாலை உருட்டும் நமக்கு அக்கயிறு புதிதன்று. 1920 ஆம் ஆண்டுகளிலே அவர் வாக்கியம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருடைய நாவிலே இருந்தது.

பின்வந்த உளநூலார் இதனை மேலும் ஆராய்ந்தனர். 1998 ஆம் ஆண்டிலே முல்லர், துவெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் ஐந்தாந் தரப் பிள்ளைகளைக்கொண்டு சோதித்து வெளியிட்டதாவது: நல்ல புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள், அடுத்துக் கடினமான வினா வந்து தவறியபோது மனந்தளர்ந்தனர், அதன் பின் எளிய வினாக்களிலும் முன்னையிலும் குறைவாகவே செய்தனர். நன்றாக முயன்றாய் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளோ தளராது தொடர்ந்தனர். 2009 ஆம் ஆண்டிலே கனடா தேசத்து உவாட்டர்லூப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவான் வூட் என்னும் பேராசிரியையும் அவரோடு சேர்ந்தோரும் கண்டது இன்னும் நம் சிந்தனைக்குரியது. நான் அன்பு செய்தற்குரியவன் என்னும் பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத்திரும்பச் சொல்லச்செய்தபோது, தம்மைப்பற்றி முன்னமே நல்லெண்ணம் உடையவர் சிறிது மகிழ்ச்சியடைந்தனர். தம்மைத் தாழ்வாக எண்ணுபவரோ, சொல்லாதிருந்தவரிலும் அதிகமாக மனஞ்சோர்ந்தனர்.

இது வியப்பன்றோ? மருந்து எவருக்கு வேண்டுமோ அவரையே அது வருத்துகின்றது. காரணம் யாது? வாய் ஒன்று சொல்ல, நெஞ்சு உள்ளேயிருந்து "பொய்" என்று மறுக்கின்றது. மறுக்குந்தோறும் பழைய புண் கீறப்படுகின்றது. ஆதலின், நல்வார்த்தை இனியதாய் இருந்தாற் போதாது. உண்மையாயும் இருத்தல் வேண்டும். "நீ எல்லாரினும் வல்லவன்" என்று பிள்ளைக்குச் சொல்லுதல் இனிது, உண்மையன்று. அடுத்த தெருவிலே அவனினும் வல்லவன் ஒருவன் இருக்கின்றான். அவனைக் கண்ட அன்றைக்கே அவ்வார்த்தை உடையும். உடைந்தபின் சொன்னவரையும் பிள்ளை நம்பாது.

அங்ஙனமாயின், ஒருபோதும் உடையாத உண்மை வார்த்தை யாது? இங்கேதான் நம் சமயம் விளக்கேந்தி நிற்கின்றது.

சித்தாந்த நூல்கள் சிவோகம்பாவனையை விளக்குமிடத்துக் கருடபாவனையை உவமை காட்டும். பாம்பு தீண்டினவனை விடந்தீர்க்க வந்த மாந்திரிகன், கருடமந்திரத்திலே அழுந்தி, தன்னைக் கருடனாகப் பாவித்து நோக்க, விடம் நீங்கும் என்ப. அம்மாந்திரிகன் கருடனாகிவிட்டானா? இல்லை. இறகும் அலகும் அவனுக்கு முளைத்தில. விடந்தீர்த்தது அவனுடைய பெருமையுமன்று. அவன் தன்னை மறந்து எதனைச் சார்ந்தானோ அதன் ஆற்றலேயாம். அதுபோல, உயிர் "யான் பெரியன்" என்று ஆயிரமுறை சொல்லினும் மலவிடம் நீங்காது. சிவத்தைச் சார்ந்து நின்று சொல்லும்போது நீங்கும். ஆகவே நல்வார்த்தையின் வலி, சொல்லப்படும் "நான்" என்பதில் இல்லை. அந்த நான் யாரைச் சார்ந்து நிற்கின்றது என்பதிலே உள்ளது.

திருவைந்தெழுத்தும் இதனையே உணர்த்துகின்றது. சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும். உயிராகிய யகரம் நடுவிலே நிற்கின்றது. ஒருபுறம் திரும்பின் மலம். மறுபுறம் திரும்பின் அருள். நடுவே நிற்கும் அச்சிறு எழுத்தை அருளின் பக்கமாக மெல்லத் திருப்பிவிடுதலே நல்வார்த்தையின் தொழில். வைதல் அதனை மறுபுறம் தள்ளுகின்றது.

கோயிலிலே நடராசப்பெருமான் திருமுன் நிற்கும்போது அவர் திருக்கரங்களை உற்றுநோக்குங்கள். வலப்புறத்து ஒரு கையிலே துடி. இடப்புறத்து ஒரு கையிலே தீ. ஒரு கை தூக்கிய திருவடியைக் காட்டுகின்றது. மற்றொரு வலக்கை உள்ளங்கை நம்மை நோக்க அமைந்து, "அஞ்சேல்" என்கின்றது. தீ ஒரு கையிலே எரிந்துகொண்டிருக்கவே மறுகை அஞ்சேல் என்கின்றது என்பதை மறவாதிருங்கள். தீ இல்லை என்று அப்பெருமான் சொல்லவில்லை. நான் இருக்கின்றேன், அஞ்சாதே என்கின்றார்.

திருநாவுக்கரசு நாயனார் சரித்திரமும் இதற்குச் சான்று. அரசன் ஏவலர் வந்து அழைத்தபோது சுவாமிகள் மறுமாற்றத் திருத்தாண்டகம் பாடியருளினார். ஒருவர்க்கும் தாம் ஆட்படாமையும், ஒன்றுக்கும் தாம் அஞ்சாமையும் அதன் பொருள். ஆயின் "யாம் வல்லேம்" என்னும் செருக்கு அங்கே யாண்டும் இல்லை. இறைவனுக்கு மீளா ஆளானமையே அஞ்சாமைக்கு அவர் காட்டிய காரணம். அதன்பின் அவருக்குத் துன்பம் வராதிருந்ததா? நீற்றறையிலே ஏழுநாள் இட்டனர்; நஞ்சு ஊட்டினர்; யானையை ஏவினர்; கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளினர். எல்லாம் வந்தன. வந்தும் அவ்வார்த்தை உடைந்திலது. கல் தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்தார். துன்பம் வராது என்னும் வார்த்தையைப் பற்றியிருந்தாராயின், நீற்றறை வாயிலிலேயே அது சாம்பராயிருக்கும்.

இதனை நாம் கண்ணாலும் கண்டேம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தேம். மழை. இருள். அடியெடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். எமக்கு முன்னே சென்ற ஒரு தாயின் தோளிலே கிடந்த குழந்தை, "எங்கையம்மா போறம்? எப்ப வீட்டை போவம்?" என்று ஓயாது கேட்டது. அத்தாய் "நாளைக்குப் போவம்" என்று பொய் சொன்னாளில்லை. "ஒண்டும் நடவாது" என்றும் சொன்னாளில்லை. நெடுவழியெல்லாம், "அம்மா இருக்கிறன் ராசா, அம்மா இருக்கிறன்" என்று அதனையே சொன்னாள். குழந்தை அதைக் கேட்டுக்கேட்டு உறங்கிற்று. அவ்விரவிலே அவளால் உண்மையாகச் சொல்லத்தக்க வார்த்தை அஃது ஒன்றே. அது போதியதாயிருந்தது. நடராசப்பெருமானுடைய அபயகரத்தின் பொருளை நாம் நூலிலே கற்றது முன்னர், தெளிந்தது அன்று.

நல்லூர்த் தேரடியிலே செல்லப்பா சுவாமிகளிடமிருந்து யோகர் சுவாமிகள் (1872–1964) பெற்று நம்மவர்க்கு வழங்கிய "ஒரு பொல்லாப்புமில்லை" என்னும் திருவாக்கும் இவ்வாறே கொள்ளத்தக்கது. உலகிலே துன்பமில்லை என்பது அதன் கருத்தன்று. திருவருளின் கண்கொண்டு நோக்குவார்க்கு அத்துன்பத்துள்ளும் கைவிடப்படுதல் இல்லை என்பதே நாம் அதிற் கொள்ளும் பொருள்.

இனிச் செய்யவேண்டியது யாது? பிள்ளைகளுக்கு நம் முன்னோர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை முதலிற் கற்பித்தனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பாலபாடங்களையும் இயற்றி உதவினார்கள். அந்நீதிகள் செய், செய்யாதே என்று பெரியோர் பிள்ளைக்கு இடும் கட்டளைகள். அவை வேண்டுவனவே. ஆயின் கட்டளை வெளியிலிருந்து வருவது. அதனோடு, பிள்ளை தன் வாயாலே தனக்குச் சொல்லிக்கொள்ளும் சில வார்த்தைகளையும் சேர்த்துக் கொடுத்தல் நலம். காலையில் நீறணிந்து தேவாரம் ஓதியபின் இவற்றை மெல்லச் சொல்லும்படி பழக்கலாம்:

நான் தனியன் அல்லேன்; சுவாமி என்னோடு இருக்கின்றார்.

இன்றைக்கு வராதது, முயன்றால் ஒருநாள் வரும்.

பிழை விட்டால் ஒளிக்கமாட்டேன், திருத்துவேன்.

இன்று ஒருவருக்காவது இன்சொற் சொல்வேன்.

இவற்றுள் ஒன்றேனும் பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடவில்லை என்பதையும், ஒன்றேனும் பொய்யாகத்தக்கதன்று என்பதையும் நோக்குக. புலமைப்பரிசிற் பரீட்சையிலே சித்தியடைந்த பிள்ளையும் இவற்றைச் சொல்லலாம். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்து அழுதுகொண்டு வந்த பிள்ளையும் இவற்றையே சொல்லலாம். இருவருக்கும் இவை உண்மையே.

பெரியோர்க்கும் இது வேண்டும். ஊரவர் வாய்க்கு அஞ்சியும், கடனுக்கு அஞ்சியும், கடல்கடந்து போன மக்களை எண்ணியும் இராமுழுதும் நித்திரையின்றிக் கிடப்போர் நம்முள் அநேகர். தம்மைத் தாமே நெஞ்சுக்குள் வைதுகொண்டிருப்போரும் அநேகர். பிள்ளையை வைதல் பாவமாயின், சிவன் உறையும் கோயிலாகிய தம் நெஞ்சை வைதலும் பாவமேயாம். அவர்கள் படுக்கைக்குப் போகுமுன் விளக்கின் முன்னே இருந்து இவ்வாறு சொல்லிக்கொள்வாராக:

இன்று என் கையால் இயன்றதைச் செய்தேன். இயலாததை உன் கையில் விட்டேன்.

நான் விட்ட பிழையை அறிவேன். நாளை அதனைச் சீர்ப்படுத்துவேன்.

நீ என்னை விட்டு நீங்கவில்லை, நான் அஞ்சேன்.

சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. நாடோறும் ஒரே வேளையிலே சொல்லுக. விரைந்து ஒப்பியாது பொருளுணர்ந்து சொல்லுக. பிள்ளைக்குச் சொல்லும்போது குனிந்து அதன் முகத்துக்கு நேராக நின்று, தலையிலோ தோளிலோ கைவைத்துச் சொல்லுக. காலையில் நல்வார்த்தை சொல்லி மாலையில் "சனியன்" என்று வைவீராயின், பிள்ளை மாலை வார்த்தையையே நம்பும். சொல்லோடு செயலும் சேரவேண்டும். "வரும்" என்று சொன்ன எம் ஆசிரியர் சொல்லிவிட்டுப் போய்விட்டாரில்லை. பக்கத்திலே இருந்து கணக்கைத் திரும்பவும் காட்டினார். மேலும், ஆறாத மனத்துயரத்தால் வருந்துவோர் இவ்வார்த்தைகளே போதும் என்று வைத்தியரை நாடாதிருத்தல் தவறு. மருந்தும் இறைவன் தந்ததே. நல்ல வைத்தியர் கையும் ஓர் அபயகரமே.

அந்த மேசனுடைய கதையை முடியாது விட்டேம். அன்று அவரிடத்திலே, "தம்பி, பிழை எங்கடை. உமக்குக் கணக்கு அண்டைக்கும் வரும், இண்டைக்கும் வரும். நாங்கள் சொன்னதுதான் பிழையான விடை" என்றேம். அவர் ஒன்றும் பேசாது கரண்டியிலே ஒட்டியிருந்த சாந்தை வழித்துக்கொண்டு சிறிதுநேரம் நின்று, பின் வேலைக்குத் திரும்பினார். எம் சொல் அவர் நெஞ்சிலே ஏறிற்றோ இல்லையோ அறிகிலேம். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து நாம் வெளிவீதியிலே நிற்க, ஒன்பது பத்து வயதுள்ள ஒரு பெண்பிள்ளை நெற்றியிலே நீறும் கையிலே கணக்குக் கொப்பியுமாக எம்மிடம் வந்தது. தகப்பனார் கட்டி முடியாத மதிலருகே நின்றுகொண்டார், கிட்ட வந்தாரில்லை.

கொப்பியை வாங்கிப் பார்த்தேம். பின்னக் கணக்கு, ஐந்துக்கு மூன்று பிழை. பென்சில் ஒன்று கேட்டு வாங்கி ஓரத்திலே மெல்லக் குறித்து, பிள்ளையின் தோளிலே கைவைத்து, எமக்கு ஒருகாலத்திலே கடனாகத் தரப்பட்ட வார்த்தையை உரியவரிடம் சேர்ப்பித்தேம்: "இன்னும் வரேல்லை, வரும்."

அன்பர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் இத்தகைய கடனாளிகளே. உங்களுக்கு ஒருவர் எப்பொழுதோ ஒரு நல்வார்த்தை தந்திருப்பார். அதனை இன்றைக்கே ஒரு பிள்ளைக்குச் செலுத்துங்கள். அஞ்சேல் என்று அமைந்த திருக்கரம் அவ்வார்த்தைக்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.